ஒரு பாட்டில் கலங்கல் தண்ணீர்

"டொக்!"

அவள் வைத்த வேகத்தில் கண்ணாடி மேசையே அதிர்ந்தது. பாட்டிலுக்குள் தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பால் ஊற்றியது போல வெள்ளையாய்... அதற்குள் பொடிப் பொடியாய்ப் பழுப்புத் தூசு.

"இது என்ன?" என்றாள்.

மீன் தொட்டிக் கடைக்காரன் நிமிர்ந்து பார்த்தான். அவனுடைய ஒரு கை முழங்கை வரை ஒரு தொட்டிக்குள் இருந்தது. விரல்களில் ஒரு செடி. நகமெல்லாம் பச்சை.

"தண்ணி" என்றான்.

"தண்ணியா? இதைத் தண்ணின்னு சொல்ல உங்களுக்கு மனசு வருதா? தொட்டி, மண்ணு, செடி, மீனு எல்லாம் உங்க கடை வண்டியிலதான் வந்து இறங்குச்சு. ஒரு மாசம் ஒழுங்கா இருந்துச்சு. அப்புறம் தூசு தூசா எழும்ப ஆரம்பிச்சுது. இப்போ மீன் இருக்கா இல்லையான்னே தெரியல. மண்ணு குடுத்தீங்களா, சாம்பல் குடுத்தீங்களா?"

கடையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் மீன் பார்ப்பதை விட்டுவிட்டு இவளைப் பார்த்தார்கள்.

வெளியே மழை. அவளுடைய முன்நெற்றி முடியிலிருந்து துளி துளியாய்ச் சொட்டி மூக்கு நுனியில் நின்றது. அதைத் துடைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை... அவ்வளவு கோபம். அந்தக் கண்கள்! கோபத்தில் இவ்வளவு பெரிதாகும் கண்களை அவன் அதுவரை பார்த்ததில்லை.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு, பாட்டிலை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தான். மெதுவாகச் சாய்த்துப் பார்த்தான்.

"எங்க மண்ணு மேல பழி போடாதீங்க. பத்து வருஷமா இதே மண்ணுதான். நீங்க என்ன பண்ணீங்க, அதைச் சொல்லுங்க."

"நான் என்ன பண்ணேனா? சுத்தம் பண்ணேன்! முழுத் தண்ணியும் நாலு தடவை மாத்தினேன். கல்லெல்லாம் தேய்ச்சுக் கழுவினேன். ஃபில்டருக்குள்ள இருந்த ஸ்பாஞ்சை எடுத்து..."

"எடுத்து?"

"இருபது நிமிஷம் கொதிக்க வச்சேன்."

அவன் சிரித்துவிட்டான்.

சிரித்திருக்கக் கூடாது. அது அவனுக்கே அடுத்த நொடியில் தெரிந்துவிட்டது.

"எதுக்குங்க கொதிக்க வச்சீங்க? மீனுக்கு ஆபரேஷனா?" என்று வேறு கேட்டுத் தொலைத்தான். மூன்று பேரும் சிரித்தார்கள்.

அவளுக்கு முகம் பற்றி எரிந்தது. அவளுடைய வேலையே அதுதானே... பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஆபரேஷன் கத்தியும் கத்தரியும் இடுக்கியும் கழுவி, நீராவி எந்திரத்தில் வேகவைத்து எடுக்கிற அறை. ஏழு வருடம். ஒரு கிருமி மிச்சமிருந்தாலும் ஓர் உயிர் போகும் என்று சொல்லிச் சொல்லியே பழக்கிய கைகள். அங்கே எல்லோரும் அவளை 'பாய்லர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்திரத்தின் பக்கத்திலேயே நிற்பதால் என்று அவள் நினைத்திருந்தாள். கோபத்துக்காக வைத்த பெயர் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

"அந்த ஸ்பாஞ்சுலதாங்க உசுரே இருக்கு" என்றான் அவன், இப்போது கொஞ்சம் தணிந்து. "கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிங்க. மீனோட கழிவைத் தின்னு தண்ணியைக் காப்பாத்துறதே அதுங்கதான். நீங்க மொத்தத்தையும் அவிச்சுட்டீங்க. இப்போ கண்டது எல்லாம் கட்டுப்பாடில்லாம பெருகி, தண்ணி பாலாட்டம் ஆயிடுச்சு. கழுவக் கழுவ மோசமாகும். பேசாம கையைக் கட்டிக்கிட்டு இருங்க."

"அப்போ தப்பெல்லாம் என் மேல?"

"வேற யார் மேல?"

"ரொம்ப சந்தோஷம்!"

குடையை விரிக்காமலே மழைக்குள் இறங்கிப் போய்விட்டாள். பாசி பிடிச்ச மூஞ்சி... பாசி! மனதுக்குள் அந்த நிமிடமே அவனுக்குப் பெயர் வைத்தாயிற்று.

பாட்டில் மேசைமேலேயே இருந்தது.

*

வீட்டில் கூடத்து நடுவே தொட்டி, ஒரு பெரிய வெள்ளைச் சுவர் போல நின்றது. அதற்கு அந்தப் பக்கம் அப்பா. இந்தப் பக்கம் அண்ணன்.

அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். தன்னுடைய பணிமனையிலேயே யார் யாரிடமோ சொல்லி அண்ணனுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். அண்ணன் அதை எட்டே மாதத்தில் உதறிவிட்டு, போட்டோ எடுக்கப் போனான். அன்றிலிருந்து இரண்டு வருடம் அப்பாவும் பிள்ளையும் பேசவில்லை. "உங்க அண்ணனைச் சாப்பிடச் சொல்லு." "உங்கப்பாவை விளக்கை அணைக்கச் சொல்லு." நடுவில் அவள் ஒருத்தி... தபால்காரி.

மீன் தொட்டி வந்த பிறகுதான் ஓர் அதிசயம் நடந்தது. கூட்டத்தில் ஒரு சிவப்பு மீன், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எல்லா மீனையும் இடித்துக்கொண்டு நாளெல்லாம் போய் வரும். "கண்டக்டர் மாதிரியே இருக்கான்" என்றார் அப்பா, பொதுவாக, சுவரைப் பார்த்து. "மீதிச் சில்லறை குடுக்காத கண்டக்டர்" என்றான் அண்ணன், அதே சுவரைப் பார்த்து. சமையலறையில் அவள் கையிலிருந்த தட்டு நழுவப் பார்த்தது. அன்றிலிருந்து தினமும் இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை. எல்லாம் மீனைப் பற்றித்தான். ஆனாலும் பேச்சு!

இப்போது மீன் தெரியவில்லை. பேச்சும் நின்றுவிட்டது.

"இந்தச் சனியனை ஞாயித்துக்கிழமை தூக்கி வெளியே வைக்கிறேன்" என்றான் அண்ணன். "நாத்தம் தாங்கல. யார்கிட்ட வேணா சொல்லிக்கோ."

"தூக்கட்டும். தூக்கிப் போடறதுதானே அவனுக்குத் தெரிஞ்ச ஒரே வேலை" என்றார் அப்பா, அவளிடம்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அப்பாமேல், அண்ணன்மேல், எல்லோரையும்விட அந்தப் பாசிமேல்.

கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமாம்! முயன்றுதான் பார்த்தாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் தொட்டியைத் தொடவே இல்லை. வெள்ளிக்கிழமை பார்த்தால், கண்டக்டர் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. மூச்சுக்குத் தவிக்கிறது. அவள் செருப்பை மாட்டினாள்.

*

"மீன் சாகுது" என்றாள், கடைவாசலில் நின்றபடியே.

அவன் பதறி எழுந்தான். "மேல வந்து வாயைத் திறக்குதா? இருங்க, இருங்க..." சொல்லிக்கொண்டே உள்ளறைக்கு ஓடினான்.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். மேசைக்குக் கீழே, பழைய அட்டைப்பெட்டிக்குப் பின்னால், அவளுடைய பாட்டில்.

எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு நாளாய் அசையாமல் இருந்திருக்கிறது. மேலே தண்ணீர் இன்னும் அதே வெள்ளை. அது தெளியவில்லை. ஆனால் அடியில்... ஒரு விரல் உயரத்துக்கு மண். நல்ல பழுப்பு மண், படிந்து உட்கார்ந்திருந்தது.

கருவியின் மூட்டில் ஒட்டிய கடுகளவு கறையைக் கண்டுபிடிக்கிற கண்கள் அவளுடையவை. இதற்கா யாரும் விளக்கம் சொல்ல வேண்டும்?

அவன் கையில் ஏதோ ஈரமாய்ச் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தான். பாட்டிலைப் பார்த்தான். நின்றுவிட்டான்.

"வெள்ளை என்னோடது. ஒத்துக்கறேன்" என்றாள் மெதுவாக. அந்த மெதுவான குரல்தான் பயமாக இருந்தது. "இந்த மண்ணு யாரோடது?"

அவன் பார்வை அட்டைப்பெட்டிப் பக்கம் போனது.

"எத்தனை நாளா தெரியும்?"

"...முந்தாநேத்திலிருந்து."

"தெரிஞ்சும் ஒளிச்சு வச்சீங்க. மூணு பேர் முன்னாடி சிரிக்கத் தெரிஞ்சவருக்கு, 'என் தப்பு'ன்னு சொல்ல மட்டும் வாய் வரலையா?"

"நான் சொல்லத்தான்... இதை மட்டும் எடுத்துட்டுப் போங்க, மீன் பிழைக்கும்..."

"உங்க கையால எதுவும் வேணாம்!"

திரும்பி நடந்தாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. மழையோடு மழையாய் அழுதாள். அவனுக்காக இல்லை... மீனுக்காகத்தான் என்று தனக்குத் தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணன் தொட்டித் தண்ணீரில் பாதியை வாளியில் இறைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தான். மீதித் தண்ணீரில் கண்டக்டர் இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அப்பா நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

கதவு தட்டும் சத்தம்.

வாசலில் பாசி! தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான். தோளில் ஒரு மூட்டை. ஒரு கையில் அந்தப் பாட்டில். இன்னொரு கையில் கட்டிய பை.

"யாருப்பா நீ?" என்றான் அண்ணன்.

"தொட்டிக் கடைங்க." அவன் மூட்டையை இறக்கினான். மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. இந்த வீட்டு முகவரி. அவன் கையெழுத்து. "இது மணல். செடிக்கு வைக்கிற மண்ணு மேல ரெண்டு விரக்கடை மணலைப் பரப்பி மூடணும். இல்லன்னா மீன் கிளறக் கிளறத் தூசு எழும்பிக்கிட்டே இருக்கும். உங்க வீட்டு மூட்டையை நான்தான் வண்டியில ஏத்த மறந்துட்டேன். கடை மூலையிலேயே கிடந்துச்சு. உங்க தங்கச்சி வந்து கேட்டப்போ அவங்களைக் குறை சொன்னேன். மூணு பேர் முன்னாடி சிரிச்சேன்." அவன் பாட்டிலை உயர்த்திப் பிடித்தான். "அடியில இருக்கிறது என் தப்புங்க. அவங்க தூசைப் பார்த்துட்டுத்தான் கழுவவே ஆரம்பிச்சாங்க. அதனால மேல இருக்கிறதுலயும் பாதி என் தப்பு."

அப்பா நாற்காலியைத் திருப்பினார்.

"தப்பைச் சொல்ல மழையில மூட்டை தூக்கிட்டு வந்தியா?"

"ஆமாங்க."

அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். பிறகு அவனே வாளியை ஓரமாய்த் தள்ளி வழி விட்டான்.

வேலை ஒரு மணி நேரம் ஆனது. செடிகளுக்கு நடுவே மணலைக் கை கையாய் அள்ளி இறக்கினான். தண்ணீர் ஊற்றும்போது அடியில் ஒரு தட்டை வைத்து, தட்டின் மேல் மெல்ல மெல்ல... மண் கலையாதபடி. கடைசியில் அந்தக் கட்டிய பையைப் பிரித்தான். குப்பென்று ஒரு வாடை.

"ஐயே! என்ன இது?" அவள் மூக்கைப் பொத்தினாள்.

"என் சொந்தத் தொட்டி ஸ்பாஞ்சு. ஆறு வருஷமா கழுவினதே இல்ல. பாதி வெட்டிக் கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை நீட்டினதும் இதைத்தான். நீங்க அவிச்ச உசுரெல்லாம் இதுல இருக்கு."

பழுப்பாய், கொழகொழவென்று, நாறிக்கொண்டு... அவளுக்கு ஓர் ஆண் கொடுத்த முதல் பரிசு!

"தொட்டீங்க, அவ்வளவுதான்" என்று விரலை நீட்டி மிரட்டினான். "பத்து நாள். தொட்டிக்குள்ள கை போகக் கூடாது. ரெண்டு நாளைக்குச் சாப்பாடும் கிடையாது."

"எனக்கா, மீனுக்கா?"

"மீனுக்கு!"

"நான் கை வைக்கலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் வந்து பார்ப்பேன்."

"வாங்க, வாங்க. வந்து உங்க மண்ணையும் பாருங்க" என்றாள் வெடுக்கென்று.

*

வந்தான். தினமும் சாயங்காலம், அவள் வேலை முடிந்து வருகிற நேரத்துக்குச் சரியாக. தொட்டி முன்னால் குனிந்து நிற்பான். அவள் மறுபக்கம் நிற்பாள். முதல் நாள் தண்ணீருக்குள் அவன் முகம் தெரியவே இல்லை. நாலாம் நாள் ஒரு நிழல். ஆறாம் நாள் மூக்கும் மீசையும். தண்ணீரில் கை வைக்க முடியாத கோபத்தில், அவள் வீட்டிலிருந்த எல்லாப் பாத்திரத்தையும் மூன்று தடவை தேய்த்துவிட்டாள்.

எட்டாம் நாள்... இரண்டு கண்கள். இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு. நடுவில் கண்டக்டர் ஒரு தடவை போய்விட்டுத் திரும்பி வந்தது. அவள் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள். காது மடல் சுட்டது.

பத்தாம் நாள் தண்ணீரே இல்லாதது போல இருந்தது. செடியின் ஒவ்வோர் இலையையும் எண்ணலாம்.

"டேய், உன் கண்டக்டருக்கு வால் வளர்ந்திருக்கு பார்" என்றார் அப்பா.

'டேய்!' அவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவரிடம் இல்லை. நேரே, பிள்ளையிடம்.

"கேமரா எடுத்துட்டு வரேன், நகராம இருங்க" என்றான் அண்ணன்.

"அதானே! அந்தக் கேமராவாலதானேடா நல்ல வேலையை விட்ட!"

"அது நல்ல வேலையாப்பா? நீங்களே தினமும் திட்டிக்கிட்டேதானே போனீங்க!"

இரண்டு வருடமாய் உள்ளே கிடந்த சண்டை அது. குரல்கள் ஏறின. உள்ளறையிலிருந்து ஒன்று, கூடத்திலிருந்து ஒன்று. அப்பா எழுந்து சத்தம் வந்த அறைக்கே போனார். கூடத்தில் தொட்டியும் இவர்கள் இருவரும் மட்டும்.

"தண்ணி தெளிஞ்சிடுச்சு" என்றான் அவன்.

"தெரியுது. எனக்கும் கண்ணு இருக்கு."

"அப்புறம் ஏன் கோபம்? இன்னும் அந்தப் பாட்டிலை ஒளிச்சதுக்கா?" அவன் குரல் இறங்கியது. "மண்ணைக் காப்பாத்த ஒளிக்கலங்க. என் தப்புன்னு தெரிஞ்சா நீங்க வேற கடைக்குப் போயிடுவீங்க. உங்களைத் திட்டவாவது இன்னொரு தடவை வர வைக்கணும்னு... முட்டாள்தனம்தான்."

அவள் கண்கள் அன்று போலவே பெரிதாயின.

"அதுக்குக் கோபம் இல்ல" என்றாள். "பத்து நாள்னீங்க. பத்து நாளும் முடிஞ்சுது. தண்ணியும் தெளிஞ்சுது. நாளையிலிருந்து எதைப் பார்க்க வருவீங்க? அதை யோசிச்சீங்களா? யோசிக்க மாட்டீங்க. மூட்டையையே மறக்கிற ஆளுதானே! அதான் கோபம்... போதுமா?"

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவன் தொட்டியைச் சுற்றிக்கொண்டு, முதல் முறையாக அவள் பக்கம் வந்து நின்றான்.

"வேணும்னா ஸ்பாஞ்சை இன்னொரு தடவை கொதிக்க வைங்க... வரேன்."

"அதை யாராவது தொட்டா கையை ஒடிச்சிடுவேன்" என்றாள், குனிந்த தலை நிமிராமல். "அது நீங்க குடுத்தது."

அவன் பச்சை படிந்த விரல் அவள் விரலைத் தொட்டது. ஏழு வருடமாய் எதைத் தொட்டாலும் உடனே கழுவியே பழகிய கை.

அன்று ராத்திரி வரைக்கும் அவள் அந்தக் கையைக் கழுவவில்லை.