தூண் மட்டும்தான் இருந்தது

நாச்சியாபுரத்தில் அந்தப் பெரிய வீட்டின் சாவி எங்கள் ஆத்தாவிடம் இருந்தது. வீட்டுக்காரர்கள் மலேயாவில் இருந்தார்கள். வாரத்துக்கு ஒரு நாள் ஆத்தா போய்க் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றிவிட்டு வருவாள். 1967-இல், வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அந்தச் சாவியை வாங்கிக்கொண்டு நானும் என் தங்கை அழகியும் மாமன் மகன் பூமிநாதனும் அங்கே போனோம். என் கையில் கேமரா இருந்தது.

காரைக்குடியில் ஓர் ஆபீசில் எனக்கு எழுத்தர் வேலை. வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் படம் எடுக்கிற பைத்தியம். வீட்டில் செம்பின் மேல் விழும் வெயில், முறத்தில் காயும் வற்றல், தலை துவட்டும் அழகி. வெளியே ஊருணிப் படித்துறை, பொட்டலில் நிற்கும் ஒற்றைப் பனை. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். நெல் போடுகிற அறையின் ஜன்னலைக் கோணியால் அடைத்து, சிவப்பு பல்பு மாட்டி, நானே கழுவிப் பிரிண்ட் போடுவேன். சேவுகனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊரில் சிரித்தார்கள்.

அந்த வருஷம் ஆவணியில் எங்கள் இரண்டு வீட்டிலும் கல்யாணம். அழகியைப் பூமிநாதன் கட்டிக்கொள்வான். அவன் தங்கை வள்ளிக்கண்ணுவை நான் கட்டிக்கொள்வேன். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தம். இதில் ஒரு கல்யாணம் நின்றால் மற்றதும் நிற்கும். பெரியவர்கள் வெற்றிலை மாற்றிக்கொண்டபோதே பேசிய கட்டு அது. வள்ளிக்கண்ணு மேல் எனக்கிருந்த ஆசையை மறைத்துச் சொல்வானேன்? அவள் பேரை யாராவது சொன்னாலே எனக்குச் சோறு இறங்காது.

வீட்டுக்குள் வௌவால் நெடியும் பழைய மரத்தின் வாசனையும் அடித்தன. முற்றத்தில் மட்டும் வெயில் நின்றது. அதைத் தாண்டிய உள்கட்டு பட்டப்பகலிலும் இருட்டு. நாங்கள் நடந்தோம், நின்றோம். நாங்கள் நின்ற பிறகும் காலடிச் சத்தம் உள்ளே கொஞ்ச தூரம் போனது.

“எதிரொலிதான்” என்றான் பூமிநாதன். அழகி மட்டும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு ஒரு வித்தை செய்து பார்க்க நினைத்திருந்தேன். என் கேமராவில் ஒரு படம் எடுத்ததும் சுருளைச் சுற்றிவிட வேண்டும். சுற்றாமல் மறுபடி எடுத்தால் இரண்டும் ஒரே படத்தில் ஒன்றின் மேல் ஒன்று விழும். புதிதில் மறதியால் இப்படி எத்தனையோ படங்களைப் பாழாக்கியிருக்கிறேன். அதையே வேண்டுமென்று செய்தால் என்ன? கேமராவை முக்காலி மேல் அசையாமல் வைத்தேன். தேக்குத் தூணுக்கு முன்னால் அழகியை நிறுத்தி ஒன்று எடுத்தேன். பிறகு அவளை விலகச் சொல்லி, சுருளைச் சுற்றாமல், வெறும் தூணை இன்னொன்று எடுத்தேன்.

பிரிண்ட் போட்டபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அழகி நின்றாள். அவள் நெஞ்சுக்குள்ளே தூணின் வரிகள் தெரிந்தன.

“ஏண்ணே, எம் வழியாத் தூணு தெரியுது பாரு! நான் என்ன கண்ணாடியாலயா செஞ்சிருக்கேன்?” என்று வீடு முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தாள்.

“எனக்கு ஒரு காப்பி குடு மாப்ள. கட்டிக்கப் போறவ படம் எங்கிட்ட ஒன்னு இருக்கட்டும்” என்றான் பூமிநாதன்.

கொடுத்தேன். மலைபோல நம்பிக் கொடுத்தேன்.

ஆடி பிறந்து நாலாம் நாள், ஆபீஸ் விட்டு வரும் வழியில் அவன் என்னை மறித்தான். திருப்பத்தூரில் ஒரு ரைஸ் மில்காரர் ஒரே மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறாராம். அவனைக் கேட்டிருக்கிறாராம்.

“அப்ப அழகி?” என்றேன்.

“நானா மாட்டேன்னு சொன்னா வள்ளிக்கண்ணு ஒனக்குக் கெடையாது. எங்கப்பாவும் விடமாட்டாரு, ஒங்க ஆத்தாவும் விடமாட்டாக. ஆனாப் பொண்ணு மேல ஒரு குத்தம்னு வந்துட்டா யாரையும் கொற சொல்ல முடியாதுல்ல? ஒங்கல்யாணம் நடக்கும். அந்தப் படத்த எங்கம்மாகிட்டக் காட்டிட்டேன் மாப்ள. நீ ஒன்னும் செய்ய வேணாம். சும்மா இருந்தாப் போதும்.”

நம்ப வைத்துக் கழுத்தை அறுக்கிறான் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. சைக்கிளை அவன் மேல் தள்ளிவிட்டு வந்திருக்க வேண்டும். நான் உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலையில் பூமிநாதனின் அம்மா, எங்கள் அத்தை, படத்தோடு வந்தாள். கூடவே மாமாவும் நாலைந்து சொந்தக்காரர்களும். பின்னால் வாசற்படியில் பூமிநாதன்.

“இங்க பாருங்க. புள்ள ஒடம்புல வேற என்னமோ நிக்கிது. அந்தப் பூட்டுன வீட்டுக்குள்ள போனப்பப் பிடிச்சிருக்கு” என்றாள் அத்தை. “போட்டா பொய் சொல்லுமா?”

அழகி சிரித்துவிட்டாள். “அய்ய, அத்தை! அது அண்ணன் செஞ்ச வேல. ரெண்டு தரம் எடுத்துச்சு. நீயே சொல்லுண்ணே.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

ஒரு வாக்கியம்தான் சொல்ல வேண்டும். ‘ஆமாம், சுருளைச் சுற்றவில்லை.’ அவ்வளவுதான். அத்தைக்குப் பின்னால் பூமிநாதன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வள்ளிக்கண்ணு கண்ணில் நின்றாள்.

“எனக்குத் தெரியல அத்தை” என்றேன். “நான் எடுக்கும்போது அங்க தூணு மட்டும்தான் இருந்துச்சு.”

சும்மா இருந்தால் போதும் என்றுதான் அவன் கேட்டிருந்தான். நான் ஒருபடி மேலே போனேன்.

அழகியின் சிரிப்பு உடனே போகவில்லை. நான் கேலி செய்கிறேன் என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தாள். பிறகு புரிந்துகொண்டாள்.

பேயோட்டக் கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். மூன்று நாள் உடுக்கடித்தான். வேப்பிலையால் ஆரம்பித்துச் சாட்டைக்கு வந்தான். “நீ யாரு, சொல்லு” என்று அவன் கேட்கும்போதெல்லாம் “நான் அழகிதான், எங்கண்ணனக் கேளுங்க” என்றுதான் அவள் சொன்னாள். அவளோடு சேர்ந்து ஆத்தாவும் அழுதாள். நான் சிவப்பு பல்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நாலாம் நாள் காலையில் அவளை ஊருணியிலிருந்து எடுத்தோம்.

தையில் பூமிநாதனுக்கும் மில்காரர் மகளுக்கும் திருப்பத்தூரில் கல்யாணம். படம் எடுக்க என்னைக் கூப்பிட்டான், வெட்கமில்லாமல். நானும் போனேன், அதைவிட வெட்கமில்லாமல். ஆனால் எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். அழகி சும்மா விடமாட்டாள். அந்த மணவறையில் ஏதாவது நடக்கும், அதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஒன்றும் நடக்கவில்லை. தாலி ஏறியது, பந்தி போட்டார்கள், பன்னிரண்டு படமும் எடுத்து முடித்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் நெல் அறையில் பிரிண்ட் போட்டேன். வெளியே ஆத்தா மிளகாய் இடித்துக்கொண்டிருந்தாள். முதல் தாளை மருந்துத் தட்டில் நனைத்து ஆட்டினேன். வெள்ளைத் தாளில் மெல்ல மெல்ல மணவறை எழுந்தது. மாப்பிள்ளை, பெண், ஐயர், புகை.

கூட்டத்துக்குப் பின்னால், பந்தல்காலை ஒட்டி, அழகி நின்றாள்.

அவள் வழியாகப் பந்தல்கால் தெரிந்தது.

எனக்குப் பயம் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷம்தான் வந்தது. “வந்துட்டியா தாயி” என்று வாய்விட்டுச் சொன்னேன். “விடாத அவன.”

இரண்டாவது தாள். தாலி கட்டுகிற படம். இப்போது அழகி பந்தல்காலை விட்டு வந்து, உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நடுவே நின்றாள். மூன்றாவதில் மணவறைக்குப் பக்கத்தில். ஆறாவதில் பூமிநாதனுக்கு நேர் பின்னால், கை எட்டுகிற தூரத்தில். இதோ, இதோ என்று அடுத்த தாளை நனைத்தேன்.

ஏழாவது படத்தில் அவள் அவனைக் கடந்திருந்தாள்.

அப்போதுதான் முன் படங்களை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட அவள் பூமிநாதனைப் பார்க்கவில்லை. மணப்பெண்ணையும் பார்க்கவில்லை.

கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்தின் புளிப்பு நெடியோடு பாசித் தண்ணீரின் வாடையும் அடித்தது. வெளியே உலக்கைச் சத்தம் நின்றிருந்தது. நிறுத்திவிட்டு ஓடியிருக்கலாம். என் கைகள் அடுத்த தாளை எடுத்தன. எட்டு. ஒன்பது. ஒவ்வொன்றிலும் அவள் கல்யாணத்துக்கு முதுகைக் காட்டியபடி என்னை நோக்கி வந்தாள். பதினொன்றில் இடுப்புக்கு மேலேதான் தெரிந்தாள்.

பன்னிரண்டாவது தாளில் மணவறை இல்லை. மாப்பிள்ளை இல்லை.

முகம் மட்டும் இருந்தது.

கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கேலி செய்கிறேன் என்று நினைத்து என்னைப் பார்த்தாளே, அந்தச் சிரிப்பு. அது பாதி நின்று, பாதி போய்க்கொண்டிருந்தது.

ஈரத்தோடு அள்ளிக்கொண்டுபோய்ப் பூமிநாதன் முன்னால் போட்டேன். ஒவ்வொன்றாகப் புரட்டினான்.

“நல்லா வந்திருக்கு மாப்ள. இந்தக் கடைசிப் படத்துல ரெண்டு பேருக்கும் முழி எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாத்தியா? இதப் பெருசு பண்ணிச் சட்டம் போட்டுரணும்” என்றான்.

அவன் கண்ணுக்கு அவள் தெரியவில்லை. அவனுக்கு ஒன்றும் ஆகவுமில்லை. இன்றைக்கும் மில் அவன் பேரில்தான் ஓடுகிறது, மூன்று பிள்ளைகள், நல்ல தூக்கம். அவன் அவளுக்கு வரவிருந்த புருஷன்தான். நான் கூடப் பிறந்தவன். யாரிடம் அவளுக்குக் கணக்கு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த வைகாசியில் வள்ளிக்கண்ணு எனக்கு மனைவியானாள். கேமராவை அதற்கு முன்பே ஊருணியில் எறிந்துவிட்டேன். கல்யாணத்தில் யாரையும் படம் எடுக்க விடவில்லை. “நம்ம கல்யாணத்துக்கு ஒரு படங்கூட இல்லையே, அப்படி என்ன ஒங்களுக்கு?” என்று அவள் இப்போதும் கேட்பாள். ஆசைப்பட்டுக் கட்டியவளின் முகத்தை நேராகப் பார்த்துப் பதில் சொல்ல என்னால் ஆனதில்லை.

ஏழு வருஷம் இப்படியே ஓட்டினேன். போன மாதம் ஆபீசில் எல்லோருக்கும் அடையாள அட்டை என்று உத்தரவு வந்தது. படம் இல்லாமல் அட்டை இல்லை என்றார்கள். வேறு வழியில்லாமல், காலை பதினொரு மணிக்கு, நல்ல வெயிலில், காரைக்குடி கடைவீதி ஸ்டூடியோ ஒன்றுக்குள் போனேன். தனியாகத்தான் போனேன்.

ஸ்டூடியோக்காரர் சுந்தரம் என்னை முக்காலியில் உட்கார வைத்தார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். பெரிய கேமராவுக்குப் பின்னால் போய்க் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

துணிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

“சார், கூட வந்த பிள்ளையச் செத்த அங்குட்டுத் தள்ளி நிக்கச் சொல்றீகளா? அட்டைக்கு ஒங்க மொகம் மட்டும்தான் வேணும்.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பவில்லை.

“யாரு சார் இது, தங்கச்சியா? சாடை அப்படியே இருக்கு.”

கேமராவையே பார்த்தபடி, “ஆமாம், என் தங்கச்சி” என்றேன்.

துணிக்குள்ளிருந்து அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

“அப்ப அட்டைக்கு எடுத்துட்டு, ரெண்டு பேரையும் சேத்து ஒன்னு எடுத்திருவமா சார்? அந்தப் பிள்ள அதத்தான் கேட்டுக்கிட்டே நிக்கிது.”