உப்புப் பூத்த சுங்கான்

எழுபத்தாறாம் வருஷம், மாசி மாதம். திருவிடந்தையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. செங்கல்பட்டில் பீரோவுக்கும் ஊஞ்சலுக்கும் பாலிஷ் போடுகிற எனக்கு, புகை பிடிக்கிற ஒரு மரச் சுங்கானுக்காக இத்தனை தூரம் வந்ததில் எரிச்சல்தான். ஆனால் அதை வைத்திருக்கும் ஆதியம்மாள் அதை வீட்டை விட்டு வெளியே அனுப்ப மாட்டாளாம்.

கடலோரம் பழைய காரை வீடு. ஈரத்துணியை நாள்கணக்கில் மூடி வைத்தால் ஒரு வாடை வருமே, அதுதான் உள்ளே.

"ஜலால் பாய், எங்க வூட்டுக்காரரு லாஞ்சுல இஞ்சின் பாக்கப் போனாரு. போறப்போ, இத்த பாலிஷ் போட்டு வை, வந்து எடுத்துக்கறேன்னாரு," என்றாள் ஆதியம்மாள்.

கணவன் காசிநாதன் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. அந்த விசைப்படகும் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. புதன்கிழமை காரியத்தை முடித்துவிடலாம் என்று கொழுந்தன் நாள் குறித்துவிட்டான்.

"அவரு வந்து நின்னா இன்னா சொல்லுவேன்? தாலிய எப்பிடி பாய் கயட்டுவேன்?"

சன்னலோரம் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தேன். உள்ளே படிந்திருந்த புகையிலைக் கசடைச் சுரண்டினேன். உப்புத்தாளால் பழைய மெருகைத் தேய்த்தெடுத்து, ஸ்பிரிட்டில் கரைத்த செம்பழுப்புச் சாயத்தைத் துணியால் தடவினேன். அழகாகத்தான் ஏறியது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் மரம் முழுக்க வெள்ளை பூத்திருந்தது.

துடைத்துவிட்டு மறுபடி தடவினேன்.

மறுபடி வெள்ளை.

கடலில் ஊறிய படகுப் பலகையில்தான் சாயம் இப்படிக் கெடும். உள்ளே ஏறிய உப்பு மேலே வந்து பூக்கும். இதுவோ ஒரு வருஷமாக அலமாரியில் கிடந்த சுங்கான். சுக்காக உலர்ந்திருந்ததை நானே தேய்த்தேன்.

கையில் எடுத்தேன். கனத்தது.

உள்ளே தண்ணீர்.

விரலை விட்டேன். சில்லென்றிருந்தது. அடியில் மணல்.

பயத்தைவிடத் துக்கம்தான் அதிகம். அந்த மனுஷன் எங்கே கிடக்கிறான் என்று தெரிந்துவிட்டது. அதை அவளிடம் எந்த வாயால் சொல்வது? தண்ணீரைக் கொட்டினேன். உப்பு தெரியாதபடி கெட்டியாகக் கருஞ்சாயம் பூசி, மேலே அரக்குப் பாலிஷ் ஏற்றினேன். பொழுது சாயும்போது அவள் கையில் கொடுத்தேன்.

"புதுசாட்டம் கீது," என்று சிரித்தாள். ஆசையாக அதை உதட்டில் வைத்துப் பார்த்தாள்.

சிரிப்பு நின்றது.

"உப்புக் கரிக்குது, பாய்."

சுங்கானிலிருந்து அவள் மோவாயில் தண்ணீர் வழிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உனக்கு தெரியுமா?"

"தெரியும், தங்கச்சி."

அவள் கத்தி அழவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு உள் அறைப் பக்கம் திரும்பி, தூங்குகிறவரிடம் பேசுவது போல மெதுவாகப் பேசினாள்.

"சரிய்யா. புதங்கெயம காரியத்த முடிச்சிர்றோம். தண்ணியில கெடந்து கஷ்டப்பட்டது போதும். நீ போ."

உள்ளே யாரும் இல்லை. தண்ணீர் குடிக்கப் போனபோதே நான் பார்த்திருந்தேன்.

அந்த அறையிலிருந்து, களைத்துப்போன ஓர் ஆண் குரல் கேட்டது.

"தனியாவா போவ சொல்ற?"