பேனாக் கோட்டுக்கு வெளியே

குளித்துவிட்டு வந்து பாவாடை நாடாவை இறுக்கப் போன மாலதி அப்படியே நின்றாள். இடுப்பில் படர்தாமரையைச் சுற்றி டாக்டரம்மா நீலப் பேனாவால் கோடு போட்டு விட்டிருந்தார். அழிய அழிய அவளே அதன்மேல் வரைந்து வந்தாள். நேற்று வரை உள்ளே இருந்த தடிப்பு, இன்று கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை தூரம் வெளியே வந்திருந்தது.

முதலில் வெட்கம்தான் வந்தது. பயம் அப்புறம்.

இரண்டு வருடமாகக் கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவித் தடவி, எந்த மருந்துக்கும் மசியாத பூஞ்சையாக்கி வைத்திருக்கிறாய் என்று திண்டுக்கல்லில் டாக்டரம்மா கடிந்துகொண்டார். பூஞ்சை மாத்திரையோடு வேறொரு மாத்திரையையும் எழுதினார். மனச்சோர்வுக்குக் கொடுப்பதுதான், ஆனால் கூடவே போட்டால் பூஞ்சை மருந்துக்கு வேகம் கூடுகிறதாம், முயன்று பார்ப்போம் என்றார்.

சின்னாளபட்டி மருந்துக்கடையில் பொன்னுத்துரை சீட்டைத் தூக்கிப் பிடித்துப் படித்தார். மாலதிக்குப் பின்னால் அவள் நாத்தனார் நின்றிருந்தாள்.

“இது மனசு சரியில்லாதவுகளுக்குக் குடுக்குறதாச்சே. வீட்ல யாருக்கும்மா?”

“எனக்கில்லண்ணே.”

அன்றிலிருந்து பூஞ்சை மாத்திரையை விழுங்கினாள், மற்றதைச் சாக்கடையில் போட்டாள். புருஷன் அழகர்சாமி கேட்டபோதெல்லாம் இரண்டையும் போடுவதாகக் கூசாமல் பொய் சொன்னாள். பைத்தியக்காரி என்று பேர் வாங்குவதைவிட அரிப்பு மேல் என்று அப்போது பட்டது. இப்போது நினைத்தால் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மத்தியானம் கரண்ட் போய்விட்டது. காற்றாடி நின்றதும் வீட்டின் வெக்கையும், ஈரப் பாவாடையின் புளித்த வாடையும், களிம்பின் மருந்து நெடியும் ஒன்றாகச் சேர்ந்து மூச்சில் ஏறின, தெருவும் அடங்கிக் கிடந்தது, அந்த அமைதிக்குள் எங்கோ மெல்லச் சொறியும் சத்தம் கேட்டது.

தன் கைகளைப் பார்த்தாள். அவை அசையவில்லை.

சரக். சரக்.

தூளியிலிருந்து வந்தது. பத்து மாத மகள் தூங்கும் தூளி. மாலதியின் பழைய சுங்குடிச் சேலைதான் தூளி. போன மாதம் வரை உடுத்தியது. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்டது, பிள்ளைக்குச் சுகமாக இருக்கும் என்று அவள்தான் கட்டினாள்.

கிட்டே போனாள். சத்தம் நின்றது.

சேலையை விலக்கினாள்.

தமிழ்நிலா விழித்திருந்தாள். அழவில்லை. பிஞ்சு நகங்களில் வெள்ளைச் செதில். கழுத்தில் ஒரு வட்டம். கன்னத்தில் ஒன்று. இன்னொன்று வலது கண்ணைச் சுற்றி. சிவப்பாக. ஓரம் தடித்து.

அம்மாவைக் கண்டதும் குழந்தை சிரித்தது. கன்னம் மடிந்து, வட்டம் கண்ணை நோக்கிச் சுருங்கியது. தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டியது.