நாலு மணிக்கு ஒரு டங்!

ட்ரிங்ங்ங்...!

மூன்று நாளாக மூச்சுவிடாமல் கிடந்த போன் அலறியது.

கேமரா ஸ்டாண்டு ரிப்பேர் செய்யும் 'முக்காலி' கையிலிருந்த திருப்புளியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். மனைவி போன பிறகு அந்தக் கடைக்குப் பேச்சுத்துணையே இல்லை. ராங் நம்பராக இருந்தாலும் ஐந்து நிமிஷமாவது பேசிவிடுவது என்ற முடிவோடு எடுத்தார்.

"ஏர் ரைஃபிளை ட்ரைபாட்ல மாட்டிக் கொடுத்தது நீங்கதானா?"

பெண் குரல். அதட்டல்.

"ஆமா... யாரு பேசறது?"

"இன்ஸ்பெக்டர். அந்த ரைஃபிள் குண்டு ஒரு பெரியவர் நெத்திப்பொட்டுல இருக்கு. கிளம்பி வாங்க!"



"இதை ராங் நம்பர்னே வெச்சுக்கலாமா மேடம்...?"

மூன்றாவது மாடி. ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். இரண்டாவதாக எதுவுமே இல்லை.

ஜன்னலோரம் ட்ரைபாட். அதன் மேல் ஏர் ரைஃபிள். குழல் எதிர் மொட்டைமாடியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கட்டில் விளிம்பில் ரிட்டயர்டு கண்டக்டர். கைகள் வெடவெடத்தன. பயத்தில் அல்ல. அது ஆறு வருஷத்து நடுக்கம்.

"செத்தவர் உங்களுக்கு யாரு பெரியவரே?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"என் டிரைவர்ம்மா. இருபத்தெட்டு வருஷம் ஒரே பஸ். இப்போ எதிரெதிர் வீடு... ஆனா பார்க்க முடியாது."

"ஏன்?"

"வீட்டை எழுதிக் கொடுன்னு அவன் மாப்பிள்ளை நச்சரிச்சான். கொடுக்காதேடான்னு நான் சொன்னேன். அன்னியிலேர்ந்து எனக்கு வாசப்படியோட தடா. என் டிரைவரோட போனையும் பிடுங்கிட்டான். முட்டி போனவன், மாடியை விட்டு இறங்கவும் மாட்டான்."

"அதுக்குத் துப்பாக்கியா?"

"அந்த மாடியில ஒரு தகரத்தட்டு தொங்குது பாரு. தினம் நாலு மணிக்கு அதுல ஒரே ஒரு குண்டு. டங்! சிங்கிள் பெல். அவன் தள்ளி, பக்கத்துச் சுவருக்குப் பின்னால உக்காந்து பழைய பஸ் ஹார்னை அடிப்பான். பாம்... பாம்! உயிரோட இருக்கேன்னு அர்த்தம்."

ஒரு நாளின் மொத்தப் பேச்சும் அவ்வளவுதான்.

"கண்ணு தெரியுமா?"

"தூரம்னா மங்கல். கையும் ஆடுது. அதான் இவர்கிட்ட ஆடாம அசையாம மாட்டித் தரச் சொன்னேன். குறியே பார்க்க வேணாம். இழுத்தா போதும்."

"நேத்து?"

"இழுத்தேன்..."

கண்டக்டர் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"டங் வரல. ஹார்னும் வரல. இருட்டற வரைக்கும் இந்த ஜன்னல்லயே நின்னேன்ம்மா... என் டிரைவரை நானே கொன்னுட்டேனா?"



இன்ஸ்பெக்டர் முக்காலி பக்கம் திரும்பினார்.

"உங்க வேலை லூஸாகி, குழல் சரிஞ்சிருக்கு. அப்படித்தானே?"

"என்னைத் திட்டுங்க மேடம், என் வேலையைத் திட்டாதீங்க!"

முக்காலி மண்டியிட்டார். ஸ்டாண்டின் பிடிக்கும் ரைஃபிளின் கட்டைக்கும் நடுவே அவர் வைத்த சைக்கிள் ட்யூப் துண்டு அப்படியே இருந்தது. ரைஃபிளை உலுக்கினார். பாறை!

"ஒவ்வொரு திருகுலயும் சிவப்புக் கோடு தெரியுதா? நெயில் பாலிஷ். என் சம்சாரம் விட்டுட்டுப் போன பாட்டில். இறுக்கி முடிச்சதும் திருகுக்கும் கம்பிக்கும் சேர்த்து ஒரே கோடா இழுத்துடுவேன். எவன் திருகினாலும் கோடு கோணிக்கும்."

முதல் கால்... நேர்கோடு.

இரண்டாவது... நேர்கோடு.

ஜன்னல் பக்க முன்கால்...

கோடு கோணியிருந்தது!

"யாரோ இதைக் குட்டையாக்கியிருக்காங்க. முன்கால் இறங்கினா குழலும் குனியும். அதோ, தட்டுக்குக் கீழே தெரியுதே, அந்த நாற்காலியைப் பார்க்கும்!"

"அவன் அந்தப் பக்கம் நாற்காலியே போடமாட்டானே!" என்றார் கண்டக்டர்.

இன்ஸ்பெக்டர் குனிந்து முன்கால் திருகைப் பிடித்தார். இடது பக்கம் திருப்பினார். அசையவில்லை. இரு கையாலும் முயன்றார். ஒரு நகம்தான் உடைந்தது.

"ச்சே! இதை இந்தப் பெரியவர் கழட்டியிருக்கவே முடியாது. நேத்து வெளியே போனீங்களா?"

"இந்தக் கைக்கு வைத்தியம் பார்க்க. தினமும் ரெண்டுலேர்ந்து மூணு. சாவி நிலைக்கு மேலே. அது அவனுக்குத் தெரியும்... அவன் வீட்டுக்கும் தெரியும்."

முக்காலி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

நல்ல வியாபாரி எல்லாச் சரக்கையும் ஒரே நேரத்தில் கடை பரப்ப மாட்டான்.

"மேடம்... அந்த மாப்பிள்ளைக்கு என்ன தொழில்?"

"கல்யாண போட்டோகிராபர்."

முக்காலி அவர் காதருகே ஏதோ கிசுகிசுத்தார்.

கால் மணி நேரத்தில் மாப்பிள்ளை வந்தான். சிவந்த கண். துக்கத்துக்கு ஏற்ற வெள்ளைச் சட்டை. இஸ்திரி கலையவில்லை.

"இந்த ஆளைத் தூக்குல போடுங்க மேடம்! மாமனாரா அவர்? எனக்கு அப்பா!"

"போடலாம். இதுக்கு முன்னாடி இந்த ரூமுக்கு வந்திருக்கீங்களா?"

"இந்தக் கட்டடத்துப் படியே மிதிச்சதில்ல."

முக்காலி இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"தம்பி, ஸ்டாண்டு தெரிஞ்ச கை உங்களுது. முன்காலைக் கொஞ்சம் லூஸ் பண்ணுங்களேன். ரைஃபிளை இறக்கணுமாம். எனக்குக் குனிய முடியல."

"இது ஒரு வேலையா?"

குனிந்தான். பிடித்தான். சட்டென்று வலது பக்கம் திருப்பினான்.

கால் வழுக்கென்று இறங்கியது!



"மேடம், நீங்க எந்தப் பக்கம் திருப்பினீங்க?"

"இடது பக்கம்."

"ஊர் உலகத்துல எல்லாரும் அப்படித்தான். இடது பக்கம் திருப்பினாத்தான் எந்த ஸ்டாண்டும் லூஸ் ஆகும். இந்த ஒரு காலுக்கு மட்டும், கையில கிடைச்ச பழைய திருகைப் போட்டேன். தலைகீழ் மரை! தம்பி... முதல் தடவையா தொடறீங்க. எப்படி வலது பக்கம் போனீங்க?"

"அது... தொழில் பழக்கம்..."

"பழக்கம்னா இடது பக்கம்தான் போயிருக்கணும். நேத்து எவ்வளவு நேரம் மல்லுக்கட்டினீங்க?"

மாப்பிள்ளை வாசல் பக்கம் நகர்ந்தான்.

"நான் சுடல! சுட்டது இந்தக் கிழம்தான்!"

"ஆமா, இவர்தான் சுட்டார்," இன்ஸ்பெக்டர் நிதானமாகச் சொன்னார். "ஆனா பிணத்தை! நெத்திக் காயத்துல ரத்தமே கசியலன்னு டாக்டர் காலையிலேயே சொல்லிட்டார். ஒரு மணிக்கே மூச்சை அடைச்சுக் கொன்னாச்சு. அப்புறம் நாற்காலியில உக்கார வெச்சு, இங்கே வந்து குழலை இறக்கி, நாலு மணிக்குப் பெரியவர் தலையில பழியைப் போட்டாச்சு. யார்னுதான் எனக்குத் தெரியல. இப்போ நீங்களே வலது பக்கம் திருப்பிக் காட்டிட்டீங்க!"

கான்ஸ்டபிள்கள் அவனை இழுத்துப் போனார்கள். ரைஃபிளும் ட்ரைபாடும் சாட்சியாகக் கீழே இறங்கின. ஜன்னலோரம் மூன்று கால் தடங்கள் மட்டும் மிச்சம்.

"நான் கொல்லலையா...?" கண்டக்டர் மறுபடி மறுபடி கேட்டார்.

"இல்லங்க. நீங்க பெல்லுதான் அடிச்சீங்க," என்றார் முக்காலி.

"சரி... இனிமே நாலு மணிக்கு யாருக்கு அடிப்பேன்?"

முக்காலி தன் கடையின் விசிட்டிங் கார்டை அந்த நடுங்கும் கையில் வைத்து மூடினார்.

மறுநாள். மூன்று ஐம்பத்தொன்பது.

முக்காலி வேலையே செய்யவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ட்ரிங்!

ஒரே ஒரு ரிங். கட்.

வந்த நம்பரையே திருப்பித் தட்டினார். இரண்டு ரிங் விட்டார். கட்.

பாம்... பாம்!

உடனே போன் மறுபடி அடித்தது. எடுத்தார்.

"டிக்கெட் எடுத்தாச்சா?" நடுங்கும் குரல் மிரட்டியது.

"ஸ்டாஃப்ங்க!"