மிஞ்சிய குழி

குழியை மூடியிருந்த பலகைகளின் மேல் பனியே இல்லை. விடிந்ததிலிருந்து கொட்டிய பனியில் வேலி, கல்லறைகள், டிரக் எல்லாம் புதைந்து கிடக்க, அந்தப் பலகைகள் மட்டும் யாரோ இப்போதுதான் துடைத்துவிட்டுப் போனதுபோல் இருந்ததைச் சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றாள் மாவிஸ்.

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தின் அந்த மூலையில் குளிர்காலத்தில் மண் கல்லாக இறுகிவிடும். அதனால் இலையுதிர் காலத்திலேயே, போன குளிரில் எத்தனை பேர் செத்தார்களோ அத்தனை குழி தோண்டிப் பலகை போட்டுவிடுவார்கள். ஆற்றுக்கு அக்கரையில் வேறு மாவட்டம். அதே மாநிலம், அதே அளவு ஜனம். அங்கே இரண்டு தோண்டினால் ஒன்று மிஞ்சும். இக்கரையில் சுரங்கமும் ஆஸ்பத்திரியும் மூடிய பிறகு ஒன்றுகூட மிஞ்சியதில்லை; பனி உருகுவதற்குள் எல்லாம் நிரம்பிவிடும்.

இந்த வருடம் ஒன்று மிஞ்சியிருந்தது. பனி உருகும் நாள் நெருங்கிவிட்டது. பின்னறையில் அவள் கணவன் கிளேட்டன், சுரங்கத் தூசி அடைத்த நெஞ்சோடு இருமிக்கொண்டிருந்தான்.

காலையில் குழிவெட்டி ஆர்லோ காபிக்கு வந்திருந்தான்.

"இவரை அக்கரைக்கு எங்க அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள்.

"பாலத்தை மூடிட்டாங்கம்மா. பனிக்கட்டி முட்டித் தூண் ஆடுதாம்."

"அப்ப அந்தக் குழிய மூடிடு."

"ஆள் இல்லாம யாரும் மூடினதில்லம்மா. எனக்குப் பயமா இருக்கு."

"நான் இன்னும் சாகலடா ஆர்லோ" என்று உள்ளிருந்து கிளேட்டன் குரல் கொடுத்தான். "என் காபியையும் நீயே குடிச்சிடாத."

அந்தக் குரல் காதிலேயே நின்றது. மாவிஸ் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். பலகைகளை நெம்பியதும் ஈர மண் வாசனையோடு வெதுவெதுப்பான காற்று மேலே வந்து முகத்தில் பட்டது. பக்கத்தில் தார்ப்பாய்க்கு அடியிலிருந்த மண், அந்தக் குளிரிலும் பொலபொலவென்று இருந்தது.

ஒரு வெட்டு மண்ணைக் குழிக்குள் தள்ளினாள். வீட்டிலிருந்து இருமல்.

இன்னொன்று. இருமல்.

நிறுத்தவில்லை. தள்ளினாள், தள்ளினாள். குழி நிரம்பியது. இருமல் நின்றது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

வீட்டில் சத்தமே இல்லை. பின்னறைக் கதவைத் தள்ளினாள்.

கிளேட்டன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். வாய் திறந்திருந்தது. உள்ளே மண். ஈர மண், பல்வரை. கண்கள் மட்டும் அவளைக் கெஞ்சின.

விரல்களை விட்டுத் தோண்டினாள். மண் வந்தது. தோண்டத் தோண்ட வந்தது. மெல்லிசாக மூச்சு திரும்பியது.

ஜன்னலுக்கு வெளியே, குழி கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டிருந்தது.

கையை எடுத்தாள். குழி அப்படியே நின்றது. அவன் முகம் நீலம் பாய்ந்தது.

மறுபடி தோண்டினாள்.