கை நனைத்த பெண் வீட்டார்

பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய்!

போனில் வந்த குரல் அந்தத் தொகையை ஒரு தடவைதான் சொன்னது. அது உச்சிமாகாளியின் காதில் விழுந்து, மண்டைக்குள் ஏறி, நெஞ்சில் இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"யாரு பேசுதது?"

"பேரு எதுக்கு? உங்க மகன் கோமதிசங்கர் எங்ககிட்ட வாங்கின கடன். இந்த மாசம் முடியதுக்குள்ள வந்து சேரணும். வரலைன்னா ஐந்தருவிக்குக் கீழ போய் மகனைத் தேடிக்கிடுங்க."

கட்!

உச்சிமாகாளிக்கு வலது காது கேட்காது. மஸ்கட்டில் இருபது வருஷத்துக்கு மேல் கான்கிரீட் கலக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற காது. அதனால் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சேர்த்து வீட்டில் ஒரே போன்.

ஆக, அடுப்படியில் நின்ற வடிவம்மாளும் ஒரு சொல் விடாமல் கேட்டாள்.

தேங்காய் துருவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது...

சாயங்காலம் தென்காசியில் இருந்து மகன் வந்தான். செல்போன் கடையில் வேலை. அப்பா சொன்னதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். இதெல்லாம் ஃபிராடு கால், நம்பரை எங்கேயாவது பிடித்துக்கொண்டு பெற்றவர்களை மிரட்டுகிறார்கள், கடையநல்லூரில் போன வாரம்கூட ஒருவரை இப்படித்தான் ஏமாற்றினார்கள் என்று சொன்னான். தாய் தலையில் கையை வைத்துச் சத்தியமும் செய்தான்.

உச்சிமாகாளி நம்பினார்.

மகன் சொன்னால் நம்புவதற்குத்தானே தகப்பன்!

அந்த மாசக் கடைசியில் ஒரு நல்ல சேதி வந்தது. கோமதிசங்கர்தான் கொண்டுவந்தான். சுரண்டையில் ஒரு பெண். நல்ல இடம், வசதியான இடம். பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருகிறார்கள். புதன்கிழமை.

உச்சிமாகாளி செவ்வாய்க்கிழமையே வாசலைக் கழுவிவிட்டார்.

வீடு குற்றாலத்தில் இருந்து இலஞ்சி போகிற பாதையில் இருந்தது. கீழே இவர்கள் குடியிருப்பு. மேலே மூன்று அறை, சீசனுக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகை. மஸ்கட்டில் இருந்து அவர் பணம் அனுப்ப, இங்கே வடிவம்மாள் தன் பேரில் மனை வாங்கி, கொத்தனாரோடு மல்லுக்கட்டி எழுப்பிய வீடு. அங்கே அவர் ஊரான் வீட்டுக்குச் சுமந்த ஒவ்வொரு சட்டி கலவைக்கும் இங்கே ஒரு செங்கல் ஏறியது என்று வைத்துக்கொள்ளலாம்.

புதன்கிழமை. சாரல் விட்டு விட்டுத் தூறியது.

வெள்ளைக் கார் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள்.

முன்னால் வந்தவர் சங்கரநாராயணன். பருத்த உடம்பு. பின்னால் அவர் மனைவி உலகம்மை. மூன்றாவதாக இறங்கிய இளைஞன் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தான். அவன் பெயர் ஜெஸ்வின் என்றும், இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவனே அவன்தான் என்றும் கோமதிசங்கர் சொன்னான். அருவியில் குளித்துத் தொண்டை கட்டிவிட்டதாம். ஜெஸ்வின் கும்பிட்டான். வாயைத் திறக்கவில்லை.

"வாங்க வாங்க... வீட்டைப் பாருங்க" என்றார் உச்சிமாகாளி.

பார்த்தார்கள்.

அப்படியொரு பார்வை! உலகம்மை அலமாரியைத் திறந்து பார்த்தாள். குழாயைத் திருகிப் பார்த்தாள். சங்கரநாராயணன் சுவரை விரலால் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். கரண்ட் எத்தனை பேஸ், செப்டிக் டேங்க் எந்த மூலை, பின்வாசலுக்கு லாரி வருமா... எல்லாம் கேட்டார்.

உச்சிமாகாளிக்குப் பெருமை தாங்கவில்லை. பெண்ணைக் கொடுக்கிறவன் இப்படித்தான் துருவிப் பார்ப்பான், அதுதான் முறை என்று நினைத்துக்கொண்டார். கிணற்று மூடியைத் தானே நகர்த்தினார். எந்தக் கோடையிலும் தண்ணீர் வற்றியதில்லை என்றார். அஸ்திவாரம் எத்தனை அடி என்றார். சாரல் நேரத்தில் மேற்குச் சுவர் மட்டும் லேசாக ஓதம் காக்கும் என்று உள்ளதையும் சொன்னார்.

கோமதிசங்கர் அவர் காலை மிதித்தான்.

"எதுக்குலே மிதிக்க? நாளைக்கு அவங்க பொண்ணு வாழப்போற வீடு. சொல்லாண்டாமா?"

சங்கரநாராயணன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பேச்சை மாற்றிவிட்டார்.

மணி ஒன்று. வடிவம்மாள் கேசரியும் காபியும் கொண்டுவந்து வைத்தாள். கண் சிவந்திருந்தது. கேட்டதற்கு வெங்காயம் என்றாள்.

சங்கரநாராயணன் கேசரித் தட்டை ஒதுக்கினார். தனக்குச் சுகர் என்றும், மாத்திரை போட்டாகிவிட்டது, சோறு இருந்தால் போதும் என்றும் கூச்சமில்லாமல் கேட்டார்.

இலை போடப்பட்டது.

சாப்பிட்டார். சாம்பாரில் ஒரு தடவை. ரசத்தில் ஒரு தடவை. உலகம்மை அவியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

உச்சிமாகாளியின் சிரிப்பு அங்கேதான் உறைந்தது.

முதல் முதலாக மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிற பெண் வீட்டார், பேச்சு முடியாமல் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். வற்புறுத்தினால் ஒரு வாய் காபி. அவ்வளவுதான். சோற்றில் கை வைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். பச்சைப் பிள்ளைக்குத் தெரியும் இது.

இவர்களோ மோரும் கேட்கிறார்கள்!

வந்ததில் இருந்து மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? ஜாதகம் எங்கே என்றார்களா? பெண்ணின் போட்டோவையாவது நீட்டினார்களா?



கை கழுவிய சங்கரநாராயணனை, அருவி தெரியும் வாருங்கள் என்று மொட்டை மாடிக்குத் தனியாகக் கூட்டிப்போனார். மலையை மேகம் மூடிக் கிடந்தது.

"பொண்ணுக்கு என்ன நட்சத்திரம் அண்ணாச்சி?"

சங்கரநாராயணன் தயங்கினார். கீழே எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இங்கன நாம ரெண்டு பேருதான் இருக்கோம். இன்னும் எதுக்கு அண்ணாச்சி நடிப்பு? எனக்கு ரெண்டும் ஆம்பளப் பிள்ளைய."

சங்கரநாராயணன் இன்னும் கிட்டே வந்தார்.

"வீட்டை விக்கது தெருவுக்குத் தெரிஞ்சா கௌரவக் குறைச்சல், பொண்ணு வீட்டுக்காரங்க மாதிரி வந்து பாருங்க, அப்பாகிட்ட விலை மட்டும் பேசிராதீங்க, மனசு ஒடைஞ்சிருவாருன்னு உங்க மகன் சொன்னான். நான் லாட்ஜ் நடத்துதவன். கண்ணால பாக்காம காசை எடுக்க மாட்டேன்னுட்டேன். அதான் இந்தக் கூத்து."

உச்சிமாகாளி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டை... யாரு விக்கா?"

இப்போது சங்கரநாராயணனின் முகம் மாறியது. வீட்டை விற்க வீட்டுக்காரம்மா மகன் பேருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருப்பதாகவும், அதைத் தானே பார்த்ததாகவும், ரிஜிஸ்தர் ஆனதுதான் என்றும் சொன்னார். அட்வான்ஸ் இருபது லட்சம் காரில் இருக்கிறது, இப்போது கொடுப்பதாகப் பேச்சு.

மகன் திருடியது ஒரு அடி. அதை வாங்கிக்கொண்டு நிற்கலாம்.

வடிவு கையெழுத்துப் போட்டாளா?

மாடிப்படியில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. அடுப்படியில் வடிவம்மாள் முதுகைக் காட்டி நின்றாள். அவர் கேட்கவே இல்லை. வந்து நின்ற நிலையிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. திரும்பாமலே சொன்னாள்.

"அன்னைக்குப் போன்ல சொன்னது நெசந்தானாம். உங்ககிட்டதான் பொய்ச் சத்தியம் பண்ணினான். என் காலைப் பிடிச்சு அழுதான். பணம் கட்டலைன்னா கொன்னுருவானுவளாம். அப்பாக்குத் தெரிஞ்சா நெஞ்சு வெடிச்சிரும், சொல்லாதம்மான்னான்..."

"அதனால?"

"தென்காசிக் கோயிலுக்குப் போறோம்னு உங்ககிட்ட சொல்லிட்டுப் போனோம்லா. அன்னைக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்."

அன்றைக்கு அவள் கொண்டுவந்து பூசிய விபூதி நெற்றியில் எரிவது போல இருந்தது அவருக்கு.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையா வடிவு?"

 அவள் தோள் குலுங்கியது.

முப்பது வருஷக் கல்யாணம். அதில் பாதிக்கு மேல் கடலுக்கு அந்தப் பக்கம். மாசாமாசம் முழுச் சம்பளத்தையும் இவள் பேருக்கு அனுப்பியவர். கூட வேலை பார்த்தவர்கள், பொம்பளை பேரில் சொத்து வாங்காதே என்று சொன்னபோது அடிக்கப் போனவர்.

உச்சிமாகாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சரி. கோபம் பிறகு. முதலில் வீடு நிற்க வேண்டும். மகன் உயிரும் நிற்க வேண்டும். பாங்கில் டெபாசிட் பன்னிரண்டு லட்சம் கிடக்கிறது, சாகிற காலத்துக்கு என்று வைத்தது. அதை உடைக்கலாம். மீதிக்குத் தவணை கேட்கலாம். கடன்காரனும் மனுசன்தானே... காலில் விழுந்தால் இரங்க மாட்டானா?

போனை எடுத்தார். அந்த நம்பர் இன்னும் இருந்தது. அமுக்கினார்.

ஸ்பீக்கரில் மணி போனது.

கூடவே... வீட்டுக்குள் ஒரு குழந்தை சிரித்தது!

வடிவம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். இந்த வீட்டில் ஏது குழந்தை?

மறுபடியும் சிரித்தது. கெக்கெக்கே என்று. முன்னறையில் இருந்து!

உச்சிமாகாளி போனைக் கையில் பிடித்தபடியே நடந்தார். முன்னறையில் கோமதிசங்கர் சுவரோடு சுவராக வெளிறி நின்றான். சத்தம் கேட்டுச் சங்கரநாராயணனும் மாடியில் இருந்து வந்துவிட்டார். உலகம்மை வெற்றிலை மடித்த கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெஸ்வினின் சட்டைப்பையில் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

அவன் பையைப் பொத்தினான். அவசரத்தில் விரல் எங்கேயோ பட்டது.

சிரிப்பு நின்றது. லைன் கிடைத்துவிட்டது!

"ஹலோ" என்றார் உச்சிமாகாளி.

ஜெஸ்வினின் பைக்குள் இருந்து அதே ஹலோ கேட்டது.



கடன்காரன் இல்லை. கடனும் இல்லை! மிரட்டினவன் கூட்டாளி. அழுதவன் மகன். இரண்டு பேரும் சேர்ந்து, ஒரு தாயின் வயிற்றைக் கலக்கி, ஒரு கையெழுத்தைப் பிடுங்கியிருக்கிறார்கள்.

கோமதிசங்கர் வாசலைப் பார்த்து ஒரு எட்டு வைத்தான். வடிவம்மாள் அவனைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"எதுக்குலே?" அவள் குரல் வேறு யாருடைய குரலோ போல இருந்தது. "எம் பிள்ளைய கொன்னுருவானுவன்னு ராத்திரியெல்லாம் நெஞ்சைப் பிடிச்சிட்டுக் கிடந்தேனே. எதுக்குலே?"

கொச்சியில் ஓட்டல் போட என்று முனகினான். ஜெஸ்வினும் தானும் பங்கு என்றான். பிறகு தகப்பனைப் பார்த்துச் சீறினான்.

"கேட்டா குடுத்திருப்பீயளா?"

உச்சிமாகாளி அவனையே பார்த்தார்.

"கேட்டுப் பாத்தியாலே?"

 

சங்கரநாராயணன் தொண்டையைச் செருமினார். பவரை எழுதிக் கொடுத்தவங்களே ரத்து பண்ணலாம், நாளைக்குக் காலையில் தென்காசி ரிஜிஸ்தர் ஆபீசுக்குத் தன் காரிலேயே கூட்டிப்போகிறேன் என்றார். போலீசுக்கும் இப்போதே போன் போடவா என்று கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். அவரையும்தானே கூத்தாட வைத்திருக்கிறார்கள்!

 உச்சிமாகாளி மகனை ஏற இறங்கப் பார்த்தார். வேறு ஒருவர் வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"போடுங்க அண்ணாச்சி" என்றார். "அதுக்கு முன்ன எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கு."

போன் இன்னும் லைனில்தான் இருந்தது. அதை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஜெஸ்வினுக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு முழ இடைவெளிகூட இல்லை.

"சார்... நான் உச்சிமாகாளி பேசுதேன். கோமதிசங்கருக்கு அப்பா. பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம் தரணும்னீங்களே. ஏழை பாழை சார். ஏதாவது பாத்துப் பண்ணுங்க."

ஜெஸ்வின் சங்கரநாராயணனின் கைப்பருமனைப் பார்த்தான். சாத்திய கதவைப் பார்த்தான். பையில் இருந்து போனை எடுத்துக் காதில் வைத்தான். கட்டியிருந்த தொண்டை அந்த நிமிஷமே திறந்துகொண்டது.

"வேண்டாம் மாமா... ஒண்ணும் தர வேண்டாம். எல்லாம் தள்ளுபடி."

"வட்டி?"

"வட்டியும்..."

உலகம்மை வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு கேட்டாள்:

"ஒரே போன்ல அசலும் வட்டியும் தள்ளுபடி பண்ணுத பைனான்ஸ்காரனை இன்னைக்குத்தான் பாக்கேன். தம்பி, போலீஸ் வாறதுக்குள்ள உன் விசிட்டிங் கார்டு ஒண்ணு குடு. சுரண்டையில எங்களுக்கும் ரெண்டு கடன் கெடக்கு!"