பன்னு குடிக்காத தண்ணீர்

"அம்மா! இது தன் தோலையே தின்னுது!"

ஹரிணி போட்ட கூச்சலில் அம்மா கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

தொட்டிக்குள் பன்னு உட்கார்ந்திருந்தது. பன்னு என்றால் டீயில் தொட்டுத் தின்கிற பன் இல்லை. எதிர்வீட்டு ஒவைஸ் வளர்க்கும் தவளை. அப்படி உப்பலாக இருப்பதால் அந்தப் பெயர். அது முன்னங்காலால் தலைமேல் இருந்த மெல்லிய தோலைச் சட்டை கழற்றுவதுபோல இழுத்து இழுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தது.

"கருமம், கருமம்!" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பா எட்டிப் பார்த்தார். ஆம்பூரில் தோல் ஷாப் என்கிற தோல் பதனிடும் ஆலையில் வேலை செய்கிறவர், எத்தனையோ தோலைப் பார்த்தவர். அவரே வாயைப் பிளந்துவிட்டார்.

"இன்னாடா இது! நாங்க உப்பு போட்டு, ஊறவெச்சு, தோலோட எவ்ளோ பாடுபடறோம். இது உரிச்ச கையோட டிபனையே முடிச்சிடுச்சே!"

ஹரிணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடிப்போய் ஒவைஸுக்கு போன் போட்டாள். அவன் அக்கா கல்யாணத்துக்காகப் பேரணாம்பட்டு போயிருந்தான்.

"அது அப்பப்போ தோல் உரிக்கும், உரிச்சதைத் தின்னும். பயப்படாத!" என்று அவன்தான் சிரித்தான்.

வந்ததிலிருந்தே பன்னு இப்படித்தான் தூக்கிவாரிப்போட வைத்தது. செத்த கரப்பான்பூச்சியைப் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. உயிரோடு ஒரு வெட்டுக்கிளியை விட்டால் போதும், சட்டென்று நாக்கு வரும், வெட்டுக்கிளி காணாமல் போகும். விழுங்கும்போது இரண்டு கண்ணும் தலைக்குள் அமுங்கிப் போகும். முதல்முறை அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, கண்ணையும் முழுங்கிடுச்சு!" என்று ஹரிணி அலறியதைத் தெருவே கேட்டது.

ஆனாலும் அவள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். கை கழுவி, சோப்பு போக அலசிய பிறகுதான் தொட்டியைத் தொடுவாள். "பன்னு என் தோஸ்த். உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். தண்ணியை மட்டும் தெனமும் மாத்திடு" என்று ஒவைஸ் சொல்லியிருந்தானே!

தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றினாள். ஓரத்தில் ஒரு மூடி நிறையக் கேன் தண்ணீரும் வைத்தாள். அவர்கள் வீட்டில் அப்படித்தான். குளிக்க, துவைக்க எல்லாம் போர் தண்ணீர். அது வாயில் பட்டால் கரிக்கும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் கேன் தண்ணீர். தவளைக்கும் அதே மரியாதை!

மறுநாள் காலை ஒரு மண்புழுவை விட்டாள். மண்புழு பன்னுவின் மூக்குக்கு முன்னாலேயே நெளிந்தது. பன்னு அசையவில்லை. முதுகு வறண்டு, பளபளப்பே போயிருந்தது. மூடியில் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

"பன்னு, ஒரு வாய் குடியேன்!" என்று கெஞ்சினாள். அது தொட்டியின் சுவரில் காலை வைத்து ஏறத்தான் பார்த்தது.

ஒவைஸுக்கு போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. கல்யாண வீட்டில் யாருக்குக் காது கேட்கும்?

திரும்பி வந்தால், தொட்டி காலி!

ஹரிணி வீடெல்லாம் தேடினாள். கட்டிலுக்கு அடியில் இல்லை. செருப்புக்குள் இல்லை. 'ஒவைஸுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?' கண்ணில் நீர் முட்டியது.

"ஆஆ!" சமையலறையில் அம்மாவின் அலறல்.

தண்ணீர்க் கேனின் குழாய் எப்போதும் சொட்டும். அதன் கீழே தேங்கியிருந்த ஈரத்தில், வயிறு தரையில் ஒட்டும்படி பன்னு படுத்திருந்தது. வாயை மூடித்தான் வைத்திருந்தது.

"யாரும் தொடாதீங்க!" என்று ஹரிணி கத்தினாள். பக்கத்திலேயே குந்தினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பன்னுவின் முதுகு மினுங்கியது. தலையைத் தூக்கியது. தொண்டை படபடவென்று துடித்தது.

"அப்பா, தோலுக்கு எதுக்கு உப்பு போடறீங்க?" என்று திடீரென்று கேட்டாள் ஹரிணி.

"அழுகிடக் கூடாதுன்னுதான். உள்ள இருக்கிற ஈரத்தையெல்லாம் உப்பு இழுத்துடும்."

ஹரிணி துள்ளி எழுந்தாள். "ஐயோ! போர் தண்ணியும் உப்புதானே! பன்னு தோலாலதான் தண்ணி குடிக்குதுப்பா. உப்புத் தண்ணியில உக்காரவெச்சு அதைக் காயவெச்சிட்டேனே!"

அப்பா கேனையும் பன்னுவையும் மாறிமாறிப் பார்த்தார்.

தொட்டியைச் சுத்தமாக அலசி, கேன் தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றினாள். ஏறி உட்கார ஒரு கல்லும் வைத்தாள். ஈரக்கையால் பன்னுவை மெதுவாக எடுத்து உள்ளே விட்டாள்.

"குடிக்கிற தண்ணியில தவளைக்குக் குளியலா? ரொம்ப ஜாஸ்தி ஆயிடுச்சு உனக்கு!" என்றாள் அம்மா.

"அது குளிக்கலைம்மா. குடிக்குது!"

சாயங்காலம் ஒவைஸே வீடியோ காலில் கூப்பிட்டான். ஹரிணி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"எங்க வீட்ல டிரம்ல புடிச்ச மழைத் தண்ணிதான் ஊத்துவோம். உங்க வீட்டுத் தண்ணி கரிக்கும்னு எனக்குத் தோணவே இல்லியே! இப்ப எப்படி இருக்கான்?" என்று அவன் பதறினான்.

ஹரிணி போனைத் தொட்டியருகே கொண்டுபோய் ஒரு மண்புழுவை விட்டாள். பன்னு தலையைத் திருப்பியது. சட்! கண் இரண்டும் உள்ளே போய் வெளியே வந்தன.

"முழுங்கிட்டான்! முழுங்கிட்டான்!" என்று கல்யாண வீடே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான் ஒவைஸ்.

மறுநாள் காலை ஹரிணி கண் விழித்தபோது, அம்மா ஒரு டம்ளர் கேன் தண்ணீரைத் தொட்டிக்குள் மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இந்தா பன்னு," என்றாள் அம்மா, "நல்லா உக்காந்து குடி."